உறுமலை அடக்காதீர்கள்: நாய் வளர்ப்போர் கேள்வி – பதில்

எங்கள் வீட்டுக் கோம்பை நாய்க்கு இரண்டரை வயது. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் விறைத்து நின்று உறுமுகிறான். போன வாரம் தட்டை எடுக்கப் போன என் மாமியாரின் கையைப் பல்லால் அழுத்திவிட்டான்; ரத்தம் வரவில்லை. ஆறு வயதில் மகள் இருக்கிறாள். ‘சாப்பிடும்போதே தட்டில் கையை விட்டு அளைந்து பழக்குங்கள், உறுமாது’ என்று குட்டியைக் கொடுத்தவர் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்துவருகிறோம். – வாசகி, திருப்பூர்

முதலில் மாமியாரின் கையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் மெல்லிய கீறல் இருந்தாலும் அது கடிதான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இத்தனை நாள் கழிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்பதும் போகாமலிருக்கக் காரணமாகாது.

அடுத்தது, தட்டில் கை விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உறுமலை வளர்த்தது பெரும்பாலும் அந்தக் கைதான். குட்டிக் காலம் முதல் அவன் கண்டது, கை வந்தால் சோற்றுக்கு ஆபத்து என்பதைத்தான். குட்டியாக இருந்தபோது பொறுத்துக்கொண்டான், வளர்ந்ததும் ‘கிட்டே வராதே’ என்கிறான். அந்த உறுமலுக்காக அவனை அதட்டவோ அடிக்கவோ கூடாது. அடித்தால் உறுமல் நிற்கும், சோறு போய்விடுமோ என்ற பயம் நிற்காது. ‘முன்னறிவிப்பே இல்லாமல் கடித்துவிட்டது’ என்று கொண்டுவரப்படும் நாய்களில் பலவற்றுக்கு அந்த முன்னறிவிப்பை அடித்து மறக்கடித்தது வீட்டார்தான்.

பயிற்சிக்கு முன் பாதுகாப்பு. இன்று இரவிலிருந்து தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாடு. ஒரே வேளையாகப் போடுகிறீர்கள் என்றால் அதே அளவை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டு முடித்து அவன் அறையை விட்டு வெளியே போன பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும். எலும்பு கொடுப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மகள் இந்தப் பயிற்சியில் எந்தக் கட்டத்திலும் சேரக் கூடாது. நாய் முழுக்க மாறிவிட்டது என்று தோன்றும் நாளிலும், அவன் சாப்பிடும் அறைக்குள் அவள் போகக் கூடாது.

பல் வலி, காதுச் சீழ், குடற்புழு என்று எதுவும் இல்லையென்று கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். தட்டில் வழக்கமான சோறு. உங்கள் கையில் அதைவிட அவனுக்குப் பிடித்த ஒன்று இருக்க வேண்டும்: உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி, பொட்டுக்கடலை அளவுத் துண்டுகளாக. எத்தனை அடி தூரத்தில் நின்றால் அவன் உடல் தளர்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான் என்று பாருங்கள். திடீரென்று அவசர அவசரமாக விழுங்குவது, தலையைத் தட்டின் மேல் கவிழ்த்துக்கொள்வது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிவது, ஒரு நொடி மெல்லாமல் உறைந்து நிற்பது – இவை எல்லாம் உறுமலுக்கு முந்தைய அறிகுறிகள். ஆறு அடியில் உறைகிறான் என்றால் பத்தடியில் தொடங்குங்கள்.

பத்தடி தள்ளி நடந்து போகும்போது ஒரு துண்டைத் தட்டருகே வீசிவிட்டு, நிற்காமல் அப்பால் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, பத்து முறை. நின்று பார்க்காதீர்கள். நீங்கள் விலகிப் போவதே அவனுக்குப் பாதி நிம்மதி. சில நாளில் உங்கள் காலடி கேட்டதும் தலையை நிமிர்த்தி, வால் தளர, ‘எங்கே என் துண்டு?’ என்று பார்ப்பான். அந்தப் பார்வை மூன்று நான்கு வேளை தொடர்ந்து வந்த பிறகுதான் ஓர் அடி குறைக்க வேண்டும். தட்டருகே வந்து சேர்ந்ததும் துண்டைத் தட்டுக்குள்ளேயே போட்டு விலகுங்கள். பிறகு குனிந்து போடுங்கள், பிறகு கையைத் தாழ்த்தி வையுங்கள். தட்டைத் தொடுவது, ஒரு விநாடி தூக்கிக் கோழி போட்டுத் திருப்பி வைப்பது எல்லாம் கடைசி. வாரக் கணக்கில் ஆகும், சில நாய்க்கு மாதக் கணக்கில்.

இதில் வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். கோழியை முதலில் காட்டிவிட்டு நெருங்கினால், கோழி வந்தால் ஆள் வரும் என்று தலைகீழாகப் படித்துக்கொள்வான். ஆள் முதலில், கோழி பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. இரண்டாவது, ஒருவர் மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு எல்லோரும் நெருங்கலாம் என்று நினைப்பது. மாமியார், கணவர், நீங்கள் என ஒவ்வொருவரும் பத்தடியிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாவது அவசரம். உறுமினால் தண்டிக்காமல் விலகிப் போய், அடுத்த வேளை இரண்டு அடி பின்னால் போங்கள். உறுமியபோது துண்டு விழுந்துவிட்டால் உறுமலுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அவன் பயம் அதனால் வளராது. நீங்கள் நெருங்கிப் போய்விட்டீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல் பதிந்து ரத்தம் வருகிற அளவுக்கு ஒருமுறை கடித்துவிட்டால், இதைப் படித்து நீங்களாகச் செய்ய வேண்டாம். மருத்துவரும், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரும் நேரில் பார்த்தாக வேண்டும்.

நாய் உறுமினால் என் அண்ணன் அதை மல்லாக்கப் புரட்டி, கழுத்தைப் பிடித்து அமுக்குகிறார். ‘யார் தலைவன் என்று காட்ட வேண்டும், ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தான்’ என்கிறார். சரியா? – வாசகர், நாகர்கோவில்

சரியில்லை. இந்த எண்ணத்துக்கு வேர், ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் ஒரே அடைப்புக்குள் வைக்கப்பட்டிருந்த ஓநாய்களை. ஓடிப்போக இடமில்லாததால் அவை சண்டையிட்டன. காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக் 1999இல் எழுதிய கட்டுரையில், இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான், சண்டையில் ஜெயித்துத் தலைவனாகும் கதை அங்கே இல்லை என்று விளக்கினார். கூட்டத் தலைவனைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரே அவர்தான்.

நாயைப் புரட்டி அமுக்கும்போது அண்ணனின் முகம் அதன் பல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அது அசையாமல் கிடப்பது பணிவினால் அல்ல, தப்ப வழி தெரியாத அச்சத்தினால். அடுத்த முறை தப்ப ஒரு வழி இருக்கிறது என்று அது கண்டுகொண்டால், அந்த வழி பல்தான்.

ஒன்பது மாத வெள்ளை ராஜபாளையம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, சரியான பிடிவாதம். தூங்கும்போது தொட்டால் துள்ளி எழுந்து கடிக்க வருகிறான். – வாசகர், விருதுநகர்

பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள். உடல் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமான ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை தெரிந்த குறை. தோலுக்கு நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும்.

சோதிப்பது எளிது, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். அவன் தூங்கும்போது, கண்ணில் படாமல், பக்கத்து அறையில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். காலால் தரையை உதைக்காதீர்கள், முகத்தருகே கை தட்டாதீர்கள். அதிர்வையும் காற்றையும் உணர்ந்து திரும்பினால் கேட்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். காது மடல்கூட அசையவில்லை என்றால் வேறு நாளில், வேறு சத்தத்தில் மறுபடி பாருங்கள். சத்தம் கேட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். ஐயமறத் தெரிய வேண்டுமானால், ஒலிக்கு மூளை காட்டும் மின் அசைவை அளக்கும் சோதனை இருக்கிறது. அது உங்களுக்கு அருகில் எங்கே கிடைக்கும் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். திருநெல்வேலியில் அரசுக் கல்லூரி இருக்கிறது. சீழ், அழுக்கு அடைப்பு உண்டா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம்.

காது கேளாத நாயை நன்றாகப் பழக்க முடியும். கட்டை விரலை உயர்த்திக் காட்டி உடனே ஒரு துண்டு கொடுங்கள். இருபது முறை செய்தால் ‘சபாஷ்’ என்பதற்கு அந்த விரல் போதும். ‘வா’ என்பதற்குக் கையை அகல வீசி மார்பில் சேர்ப்பது. இருட்டில் டார்ச்சை ஒருமுறை அடித்து அணைக்கலாம். லேசர் ஒளி வேண்டாம், அதைத் துரத்தும் வெறி பிடித்துவிடும்.

தூக்கத்தில் கடிக்க வருவதும் திடுக்கிடுவதால்தான். விழித்திருக்கும்போது தோளில் மெல்லத் தொட்டவுடன் ஒரு துண்டு கொடுங்கள், நாளுக்கு இருபது முப்பது முறை. அது பழகியதும், கண் சொக்கிப் படுத்திருக்கும்போது அவித்த ஈரலை மூக்கருகே நீட்டுங்கள். வாசனையில் கண் திறந்த பிறகு தொட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் நடமாடும் வழியில் அவன் படுக்கை இருக்கக் கூடாது. வெளியே எப்போதும் கயிற்றோடுதான். கழுத்துப்பட்டையில் ‘காது கேளாது’ என்று எழுதிய வில்லையும் உங்கள் எண்ணும் தொங்கட்டும். இது வாரிசுகளுக்குப் போகும் குறை என்பதால் இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம்.

தோப்பில் பகல் முழுக்கக் கட்டிப் போட்டு, இரவில் அவிழ்த்துவிடுகிறோம். காவலுக்கு நல்ல நாய்தான். ஆனால் தேங்காய் வெட்ட வந்த ஆளை இரண்டு முறை கடித்துவிட்டது. – வாசகர், பொள்ளாச்சி

சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு விலகிப் போகும் வாய்ப்பே இல்லை. அந்நியர் வரும்போது, பிடிக்காவிட்டால் தள்ளிப் போகலாம் என்ற வழி அடைபட்டுக் கிடப்பதால், விரட்டுவது ஒன்றே மிச்சம். அது பாய்ந்து குரைக்கிறது, வந்தவர் வேலை முடிந்து போகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய்க்குப் படுகிறது. ஒவ்வொரு நாளும் அதற்கு அது ஒரு வெற்றி. இரவில் அவிழ்த்துவிடும்போது பகலில் சேர்ந்த கொந்தளிப்பு முழுவதும் உடம்பில் இருக்கும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், 11ஆம் பிரிவில், நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டிப் போடும் நாயை நடமாட விடாமல் உரிமையாளர் அலட்சியம் செய்வதும் அங்கே குற்றம்தான்.

சங்கிலிக்குப் பதிலாக 10க்கு 15 அடியில், ஆறடி உயரக் கம்பி வலை அடைப்புக் கட்டுங்கள். பாதிக்காவது ஓலையோ கீற்றோ நிழல் வேண்டும். வழிப்பாதையைப் பார்த்த பக்கத்தில் மறைப்புத் தட்டி வையுங்கள். போகிற வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைப்பது பாதியாகக் குறையும். காலையும் மாலையும் அரை மணி நேரம் நீளமான கயிற்றில், மோந்து பார்க்க விட்டு நடத்துங்கள். தேங்காய் வெட்டு, உரம் போடும் நாட்களில் ஆட்கள் வருவதற்கு முன்பே அடைப்புக்குள் விட்டுப் பூட்டுங்கள். ‘ஒன்றும் செய்யாது, நீங்கள் வாங்க’ என்று யாரையும் கூப்பிடாதீர்கள், இருமுறை கடித்த நாய் மூன்றாவது முறையும் கடிக்கும். வேலையாட்கள் அடைப்புக்குத் தள்ளி நடந்து போகும்போது ஆளுக்கு ஒரு கறித்துண்டை உள்ளே எறிந்துவிட்டுப் போகட்டும், கையை நீட்டிக் கொடுக்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டதற்கான அட்டை உங்களிடம் இருக்க வேண்டும். கடிபட்டவர் ஊசித் தவணையை முழுமையாகப் போட்டாரா என்று கேட்பதும் அதற்கான செலவும் உங்கள் பொறுப்பு.

நான்கு வயது லாப்ரடார். வீட்டில் பசு மாதிரி சாது. தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் கயிறு அறும் அளவுக்கு இழுத்துக் குரைக்கிறாள். பயிற்சியாளர் ஒருவர் முள் பட்டை போடச் சொல்கிறார். – வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். அவள் இன்னொரு நாயைப் பார்க்கிறாள், அதே கணம் கழுத்தில் வலிக்கிறது. பத்து நாள் இது நடந்தால், நாய் வந்தால் வலி வரும் என்ற பாடம் ஆழமாகப் பதிந்துவிடும். குரைப்பு சில காலம் அடங்கலாம், வெறுப்பு கூடும்.

மார்பில் கொக்கி உள்ள ஹார்னெஸ் (உடலைச் சுற்றிக் கட்டும் வார்), எட்டடிக் கயிறு, இடுப்பில் ஒரு பை நிறையக் கோழித் துண்டு – இவ்வளவே சாமான். பொத்தானை அமுக்கினால் நீளும் கயிறு தெருவுக்கு ஆகாது. வெளியே போகும் முன் வீட்டுக் கூடத்தில் இரண்டு விஷயம் பழக்குங்கள். ஒன்று, ‘இப்படி வா’ என்று சொல்லி நீங்கள் சட்டென்று வந்த வழியே திரும்புவது. அவள் கூடவே திரும்பினால் துண்டு. மற்றது, ‘தேடு’ என்று சொல்லி ஏழெட்டுத் துண்டுகளைத் தரையில் இறைப்பது. எந்த நாயும் கண்ணில் இல்லாதபோதே இவை கால் பழக்கமாகிவிட வேண்டும். நெருக்கடியில் புதிதாகக் கற்க முடியாது.

பிறகு மைதானம் போன்ற திறந்த இடத்தில், தூரத்தில் ஒரு நாய் படுத்திருக்கும் பக்கம் பார்த்து நில்லுங்கள். அவள் அதைக் கவனிக்க வேண்டும், ஆனால் துண்டைத் தின்னும் நிலையில் இருக்க வேண்டும். கோழியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வெறித்து நின்றால் நீங்கள் அளவு மீறி அருகில் இருக்கிறீர்கள், இருபது அடி பின்வாங்குங்கள். அவள் நாயைப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. நாய் மறைந்ததும் துண்டும் நிற்க வேண்டும். எட்டு பத்து நடைக்குள், இப்படிப் பழக்கப்படும் பல நாய்கள் எதிரே உள்ள நாயைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். மனம் மாறத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். அதன் பிறகு ஐந்து ஐந்து அடியாக நெருங்கலாம். ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

ஒருநாள் வெடித்துக் குரைத்துவிட்டால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. உடம்பில் ஏறிய பதற்றம் இறங்க நேரம் பிடிக்கும். மறுநாளும் வீட்டிலேயே, பழைய துணிக்குள் தீனியைச் சுருட்டி வைத்து மோந்து எடுக்க விடுங்கள். தினமும் தெருவில் நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நாய்க்கு இல்லை, நமக்குத்தான்.

தெரு நாய்கள் சூழ்ந்துகொண்டு வரும்போது என்ன செய்வது என்பதுதான் நம் ஊர்களில் உண்மையான சிக்கல். ஓடாதீர்கள், கயிற்றை இறுக்காதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் முயலாதீர்கள். ஒரு கைப்பிடித் தீனியை அவற்றின் முகத்துக்கு நேரே அல்ல, அவற்றுக்குப் பின்னால் விழும்படி வீசிவிட்டு, அரைவட்டமாக விலகி நடங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் நடைமுறை, ஆகவே உங்கள் தெருவில் அதே முகங்கள்தான் இருக்கும். எந்தக் கூட்டம் எந்த மூலை வரை காவல் காக்கிறது என்று ஒரு வாரம் நாய் இல்லாமல் நடந்து பார்த்துக்கொண்டு, பாதையை அதற்கேற்ப மாற்றுங்கள். அவற்றுக்குச் சோறு வைப்பவரிடம் நேரம் கேட்டு வைத்துக்கொண்டால் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம்.

தீபாவளி என்றாலே எங்கள் நாட்டு நாய் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சாப்பாடும் இல்லை. போன முறை மயக்க மாத்திரை கொடுத்தோம். அசையாமல் கிடந்தது, ஆனால் கண் விரிந்தே இருந்தது. கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்கிறார்களே? – வாசகி, சென்னை

கொஞ்சுங்கள், மடியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் அது வளராது. ஆனால் ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து வெளியே இழுக்கக் கூடாது.

நீங்கள் கொடுத்த மாத்திரை அசிப்ரோமசினாக இருக்கலாம். சீட்டைத் தேடிப் பாருங்கள். அது உடலை அசையவிடாமல் செய்யும், பயத்தைத் தொடாது. வெடிச் சத்தத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. பதற்றத்தையே குறைக்கும் வேறு மருந்துகள் உள்ளன. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், ஒரு சாதாரண நாளில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மனிதர் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

தமிழகத்தில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்க நேரம் ஒதுக்கப்படுகிறது. வெடிச் சத்தம் அதற்கு முன்னும் பின்னும் கேட்கும் என்றாலும், உச்சம் அப்போதுதான். விடியற்காலை 4.30க்குள்ளும், மாலை 5 மணிக்குள்ளும் வெளியே அழைத்துப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டை, ஹார்னெஸ் இரண்டிலும் கயிறு மாட்டுங்கள், ஒன்றிலிருந்து நழுவினாலும் மற்றது பிடிக்கும். சன்னல் இல்லாத உள்ளறை, தரையில் கனத்த போர்வை, ஓடும் மின்விசிறி, தொலைக்காட்சி. பலகாரம் கொடுக்க வருபவர்களால் வாசல் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும், நாய் தொலைவது அந்த இடைவெளியில்தான். அறைக் கதவையும் சாத்தி வையுங்கள்.

சத்தப் பயிற்சியை மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பதிவு செய்த வெடிச் சத்தத்தை, காது மட்டும் லேசாகத் திரும்பும் அளவுக்குத் தாழ்வாக வைத்து, சத்தம் கேட்டதும் ஒரு துண்டு என ஐந்து நிமிடம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒலியைச் சிறிது கூட்டலாம். தின்ன மறுத்தால் பழைய அளவுக்கு இறக்குங்கள். செல்பேசியின் ஒலியில் உண்மை வெடியின் அதிர்வும் காற்றழுத்தமும் இருக்காது. ஆகவே இதை மட்டும் நம்பி முதல் ஆண்டே மருந்தையும் உள்ளறையையும் விட்டுவிட வேண்டாம். தீபாவளி முடிந்த பிறகும் கார்த்திகை, ஆங்கிலப் புத்தாண்டு என்று வெடி தொடரும். அவை தாண்டி, நாய் பழையபடி தின்று தூங்கத் தொடங்கிய பின், பொங்கலுக்குப் பிறகு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.